பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பரீட்சை

பரீட்சை என்றவுடன் மாணவரின் நினைவே எவருக்கும் வரும். வினாத்தாளை ஆக்குபவர் ஆசிரியர். விடை எழுதுபவர் மாணவர். புள்ளியிட்டுத் தேறியவர் இவர், தேறாதவர் இவர் என்று பிரித்துரைப்பது பல்கலைக்கழகம். இவ்வொழுங்கு நெடுங்காலம் பழகிப்போன ஒன்று. ஆயின், மாணவரைப் பரீட்சித்துப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பரீட்சிப்பவர் யார்? கற்பிப்பதாகத் தான் சொல்லும் கல்வியை அது மெய்யாகவே கற்பிக்கின்றதா? அது வழங்கும் பட்டத்துக்கு அதன் வாயிலுக்கு வெளியேயும் அதே மதிப்பு உண்டா? பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கும், பொதுப்பணத்தைக் கொடுத்த மக்களுக்கும் இவ்வினாக்களைக் கேட்க உரிமை உண்டு. அவ்வினாக்களுக்கு முறைப்படி விடை காணும் ஏற்பாடே தரமதிப்பீட்டு மீளாய்வு எனப்படுவது. ஒரு பல்கலைக்கழகம் அதற்கு எவ்வாறு ஆயத்தமாகின்றது என்பதை மட்டக்களப்பு வாவிக்கரையிற் கண்டறியலாம்.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பகுதிவரை ஐம்பது கிலோமீற்றருக்கும் அதிகமாக நீண்டுகிடப்பது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் இப்பகுதி மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரையில் நகரும் மீனவர் ஊர்களும் நெருங்கியுள்ளன. ஞாயிறு படும் கரையில் வயல்களும் குளங்களும் பரந்துள்ளன. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில், வந்தாறுமூலை என்னும் ஊரிலே கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கின்றது. 1981 ஓகஸ்ட் முதலாம் நாள் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி என்னும் பெயரோடு, விஞ்ஞானம், விவசாயம் என்னும் இரு துறைகளைக் கொண்டு அது தொடங்கிற்று. 1986 ஒக்ரோபர் முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பின்னர் கலை, வணிகம், மருத்துவம் எனப் பீடங்கள் பெருகின. திருகோணமலையில் ஒரு வளாகமும், கல்லடியில் சுவாமி விபுலானந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகமும் அதனோடு சேர்ந்தன.

வெளியார் வந்து அளந்து பார்த்தல் இலங்கைக் கல்விக்குப் புதியதன்று. 1921 ஆம் ஆண்டில் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியபோது, அதற்குத் தானே பட்டம் வழங்கும் உரிமை இருக்கவில்லை. அங்கு பயின்றோர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர். கற்பித்தவர் ஒருவர், விடைத்தாளைத் திருத்தியவர் வேறொருவர். இடையே கடல் இருந்தது. முகமறியாத நடுநிலை இருந்தது. 1942 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின்னரே பட்டம் வழங்கும் உரிமை இந்நாட்டுக்கு வந்தது.

வாவிப் பிரதேசத்தின் தென்பக்கத்திலே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் அவர் தேறினார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். கிழக்கிலங்கைச் சிற்றூரிற் பிறந்த ஒருவரின் கல்வியை மதுரையும் இலண்டனும் தத்தம் அளவுகோலால் அளந்து ஏற்றுக்கொண்டன. பின்னர் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். ஊரிற் பெற்ற கல்வி ஊருக்கு வெளியேயும் செல்லுபடியாக வேண்டுமாயின், அதனை வெளியார் சோதிப்பதற்கு இடம் இருத்தல் வேண்டும். அச்சோதனை ஒரு தனி மனிதருக்கு எத்தகையதோ, ஒரு நிறுவனத்துக்கும் அத்தகையதே.

தானே பட்டம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனம் தன்னையே தனக்கு நீதிபதியாக வைத்துக்கொள்ளும் இடர் எல்லா நாடுகளிலும் உணரப்பட்டது. அமெரிக்காவிலே கல்லூரிகள் தமக்குள் சங்கங்கள் அமைத்து ஒன்றையொன்று மதிப்பிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. இந்தியாவில் 1994 ஆம் ஆண்டு தேசியத் தரமதிப்பீட்டுக் குழு பெங்களூரிலே நிறுவப்பட்டது. இலங்கையில் அரச பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. அவற்றின் பட்டங்களுக்குச் சட்டமே வலுவளிக்கின்றது. ஆயினும், சட்டம் பட்டத்தைச் செல்லுபடியாக்குமேயன்றித் தரமுடையதாக்குமா? ஆக்காது. இவ்வுண்மையை உணர்ந்தே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே மீளாய்வு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு பல்கலைக்கழகத்தை முழுமையாக நோக்குவது நிறுவன மீளாய்வு; ஒரு பட்டப்படிப்பை மட்டும் எடுத்து நோக்குவது கற்கைநெறி மீளாய்வு. மருத்துவம் போன்ற உயர்தொழில்களுக்கு இவை போதா. மருத்துவப் பட்டதாரி ஒருவர் நோயாளரைத் தொடுவதற்கு முன் இலங்கை மருத்துவச் சபையின் பதிவையும் பெறுதல் வேண்டும்.

இம்மீளாய்வின் அளவுகோல் யாது? 2015 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கைநூல் ஒன்று நிறுவன மீளாய்வுக்குப் பத்துப் பிரமாணங்களை வகுத்துரைக்கின்றது. ஆளுகையும் முகாமையும், பாடவிதான ஆக்கம், கற்பித்தலும் கற்றலும், கற்றல் வளங்களும் மாணவர்க்கான துணையும், மாணவர் மதிப்பீடு, ஆளணியின் வலிமை, பட்டப்பின் கல்வியும் ஆராய்ச்சியும், சமூகத் தொடர்பு, தொலைக்கல்வி, தர உறுதிப்பாடு என்பன அவை. ஒவ்வொரு பிரமாணத்தின் கீழும் பல நியமங்கள் உண்டு. ஒவ்வொரு நியமத்துக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி வழங்கப்படும். நியமம் நன்கு நிறைவேறியிருப்பின் மூன்று. சான்றே இல்லையாயின் பூச்சியம். பிரமாணங்களின் முக்கியத்துவத்துக்கேற்ப இப்புள்ளிகள் நிறுக்கப்பட்டு, மொத்தம் ஆயிரத்துக்குக் கணிக்கப்படுகின்றன. நூற்றுக்கு எண்பதும் அதற்கு மேலும் பெற்ற நிறுவனம் முதற்றரம். அறுபதுக்குக் கீழ்ப்பட்டது திருப்தியற்றது. மொத்தம் உயர்ந்திருந்தால் மட்டும் போதாது. தனித்தனிப் பிரமாணங்களிலும் குறைந்தபட்ச எல்லையை எட்டியிருத்தல் வேண்டும். கணிதத்தில் நூறு புள்ளி பெற்று மொழியிலே தவறிய மாணவனை மேல்வகுப்புக்கு அனுப்பத் தயங்குகிறோமல்லவா, அது போன்றதே இதுவும்.

இப்பரீட்சையில் ஒரு புதுமை உண்டு. மாணவனுக்கு வினாத்தாள் பரீட்சை மண்டபத்திலேதான் கிடைக்கும். பல்கலைக்கழகத்துக்கோ வினாத்தாள் ஆண்டுக்கணக்கில் முன்னதாகவே கையிற் கிடைத்துவிடுகின்றது. கைநூலைத் திறந்தால் எந்த நியமம் எதனைக் கேட்கின்றது என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அவ்வாறாயின் தேறுவது எளிதன்றோ என்று எண்ணத் தோன்றும். எளிதன்று, ஏனெனில், இங்கே விடை எழுதுவது ஒரு நாளிலே முடியும் செயலன்று. கடந்த சில ஆண்டுகளில் நாடோறும் செய்தவையும் செய்யாது விட்டவையுமே விடையாகின்றன.

ஆயத்தத்தின் முதற்படி, பொறுப்பைப் பகிர்ந்தளித்தல். பல்கலைக்கழகத்திலே தர உறுதிப்பாட்டுக்கென உள்ளக அமைப்பு ஒன்று உண்டு; பீடங்கள்தோறும் அதற்குக் கிளைகள் உண்டு. துணைவேந்தரின் தலைமையிலே பீடாதிபதிகள், பதிவாளர், நிதியாளர், நூலகர் ஆகியோர் கூடி, ஒவ்வொரு பிரமாணத்துக்கும் ஒரு சிறு குழுவை அமைப்பர். அக்குழுவினர் நியமங்களை ஒவ்வொன்றாக எடுத்து மூன்று வினாக்களை எழுப்புவர். இதனை நாம் செய்கின்றோமா? செய்வோமாயின் அதற்குச் சான்று யாது? அதனால் விளைந்த நன்மை யாது? முதல் வினாவுக்கு எவரும் உடனே விடையளிப்பர். இரண்டாவது வினாவுக்கு அலுமாரிகளைத் திறக்க வேண்டும். மூன்றாவது வினாவின் முன்னே பலரும் மௌனமாகி விடுவர்.

இவ்விடைகளின் தொகுப்பே சுயமதிப்பீட்டு அறிக்கை. இதுவே ஆயத்தத்தின் உயிர்நாடி. ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் அதற்குரிய சான்றின் இலக்கம் குறிக்கப்படல் வேண்டும். பேரவையின் கூட்டக் குறிப்பு, மூதவையின் தீர்மானம், பாடவிதானக் குழுவின் பதிவு, விரிவுரையாளர் பயிற்சிபெற்ற சான்றிதழ், பரீட்சை வினாத்தாளைச் சீர்பார்த்தவரின் குறிப்பு, விடுதி மாணவரின் முறைப்பாட்டுப் புத்தகம் என்று ஆயிரக்கணக்கான தாள்கள் இலக்கமிடப்பட்டு ஒழுங்காகின்றன. தாள்களை அடுக்கும் வேலைதானே என்று இதனை இகழ்ந்துரைப்பாரும் உளர். ஆனால், தாள் எதற்காகத் தேடப்படுகின்றது என்பதை நோக்கினால் இதன் பயன் விளங்கும்.

விவசாயக் கல்வியிலிருந்து ஓர் உதாரணம் கொள்ளலாம். வாவியோரத்து வயல்களிலே உப்பேறுதல் நெடுநாளைய துன்பம். மண்ணியற் பாடமொன்றின் பாடவிதானத்தில், பாடமுடிவிலே மாணவர் உவர்நிலத்தை இனங்கண்டு, அதனைத் திருத்தும் வழியைக் கூறவல்லவராதல் வேண்டும் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். மிக நல்ல குறிக்கோள். அடுத்து அப்பாடத்தின் வாராந்தத் திட்டத்தை எடுத்துப் பார்க்கின், வயலுக்குச் செல்லும் நாள் ஒன்றுகூட அதிற் குறிக்கப்படவில்லை. மூன்றாவதாக வினாத்தாளை எடுத்துப் பார்க்கின், உவர்மண் என்பதற்கு வரைவிலக்கணம் தருக என்று மட்டுமே கேட்கப்பட்டிருக்கின்றது. இவற்றைத் தனித்தனியே பார்த்தவர் எவருக்கும் குறை தோன்றாது. மூன்று தாள்களையும் ஒரே மேசையில் ஒருங்கே வைத்தபோதுதான், சொன்னது ஒன்று, கற்பித்தது வேறொன்று, சோதித்தது பிறிதொன்று என்பது வெளிப்படுகின்றது. அப்பாடத்திலே சிறப்புச் சித்தி பெற்ற பட்டதாரி படுவான்கரை வயலொன்றில் இறங்கி நிற்கும்போது, விவசாயி கேட்கும் வினாவுக்கு அவரிடம் விடை இராது. தாளை அடுக்கும் வேலை கண்டுபிடித்த குறை அது.

இலங்கைத் தகைமைச் சட்டகம் என்னும் ஏற்பாடும் இவ்வாறே ஒப்புநோக்கத் தூண்டுகின்றது. அதன்படி ஒரு திறமைப் புள்ளி என்பது மாணவரின் ஐம்பது மணிநேர உழைப்பைக் குறிக்கும். ஓர் ஆண்டுக்கு முப்பது புள்ளிகள். அஃதாவது ஆயிரத்து ஐந்நூறு மணிநேரம். மூன்றாண்டுப் பட்டத்துக்குத் தொண்ணூறு புள்ளிகளும், நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு நூற்றிருபது புள்ளிகளும் வேண்டும். இவ்வைம்பது மணிநேரத்தில் விரிவுரை மண்டபத்திலே கழிவது சிறுபகுதி. பெரும்பகுதி மாணவர் தாமாகவே கற்கும் நேரம். அந்நேரத்தை அவர் எங்கே செலவிடுவார்? விடுதி கிடைக்காது, நாடோறும் பேருந்திலே வந்து திரும்பும் மாணவிக்கு மாலை ஐந்து மணிக்குப் பின்னர்த் திறந்திருக்கும் நூலகத்தாற் பயனுண்டா? வீட்டிலே படிக்க அவருக்கு மேசையும் விளக்கும் உண்டா? நூலக நேரத்தையும், பேருந்து நேரத்தையும், விடுதிக் கட்டில்களின் தொகையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பழக்கம் சாதாரண நாட்களில் எவருக்கும் வருவதில்லை. மீளாய்வுக்கு ஆயத்தமாகும் காலத்திலே அது வந்தே தீர வேண்டியிருக்கின்றது.

மாணவர் மதிப்பீடு என்னும் பிரமாணம் பட்டத்தின் பெறுமதியோடு நேரே தொடர்புடையது. வினாத்தாளை ஆக்கியவர் ஒருவர், அதனைச் சீர்பார்ப்பவர் மற்றொருவர். விடைத்தாளை முதலில் திருத்துபவர் ஒருவர், மறுமுறை திருத்துபவர் வேறொருவர் என்பது நல்லொழுங்கு. பெறுபேறு குறித்த காலத்துக்குள் வெளியாதல் அதனினும் இன்றியமையாதது. பெறுபேறு ஆறு மாதம் பிந்தினால் அலுவலகத்துக்கு அது ஒரு கோப்பின் தாமதம். ஆசிரிய நியமனத்துக்கு விண்ணப்பிக்கும் இறுதிநாள் கடந்துபோன மாணவருக்கோ அது ஓராண்டின் இழப்பு. மீன்பிடித்தோ வயலுழுதோ பிள்ளையைப் படிப்பித்த குடும்பத்துக்கு அவ்வோராண்டு கடனோடு கழியும். பரீட்சை நடந்த நாளையும் பெறுபேறு வெளிவந்த நாளையும் பக்கத்திற் பக்கம் எழுதி ஒரு பட்டியல் ஆக்குக என்று மீளாய்வு கேட்கும்போது, அவ்விழப்பு முதன்முறையாக எண்ணாகி நிற்கின்றது. எண்ணாகி நின்ற குறையை மறுத்துரைத்தல் எளிதன்று.

கல்லடியிலுள்ள அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு இவ்வாயத்தம் வேறொரு சிக்கலைக் கொணர்கின்றது. இசையையும் நடனத்தையும் தாளிலே எவ்வாறு காட்டுவது? நுண்கலையின் தரத்தை எண்களால் அளக்கலாமா? கலைஞர்கள் இவ்வினாவை எழுப்புதல் இயல்பே. ஆயினும், பாடலைக் கேட்டுப் புள்ளியிடும் இரு பரீட்சகர் எவற்றை நோக்கிப் புள்ளியிடுகின்றனர் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருத்தல் கூடும். சுருதிக்கு எவ்வளவு, தாளத்துக்கு எவ்வளவு, கற்பனைக்கு எவ்வளவு என்பது மாணவருக்கும் தெரிந்திருத்தல் கூடும். கலையின் உயர்வை அளவுகோல் பிடிக்காது போகலாம். பரீட்சையின் நேர்மையை அது பிடித்துவிடும். இன்னும், மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் போன்ற உள்ளூர்க் கலைகளை ஊர் அண்ணாவிமாரிடமிருந்து கேட்டறிந்து பதிந்து வைத்தலும், அவற்றைப் பாடமாக்குதலும் இப்பிரதேசத்து நிறுவனமொன்று தன் தனிச்சிறப்பாகக் காட்டத்தக்க சான்றாகும்.

மாணவர் கருத்தறிதல் என்பது மற்றொரு நியமம். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் மாணவரிடம் படிவம் கொடுத்து, விரிவுரை எவ்வாறிருந்தது என்று கேட்பது வழக்கமாகியுள்ளது. படிவங்கள் கட்டுக்கட்டாகச் சேர்கின்றன. மீளாய்வாளர் அக்கட்டுகளைக் கண்டு திருப்தியுறுவதில்லை. படித்தவர் யார், படித்தபின் மாற்றியது என்ன என்று அவர் கேட்பார். ஆய்வுகூடத்திலே நுணுக்குக்காட்டிகள் போதவில்லை என்று மூன்றாண்டுகள் தொடர்ந்து மாணவர் எழுதியிருக்க, நான்காம் ஆண்டுக் கொள்வனவுப் பட்டியலில் அவை இடம்பெறவில்லையாயின், அப்படிவங்கள் நிறுவனத்துக்குச் சான்றாவதற்குப் பதிலாக அதற்கு எதிரான சாட்சியாகிவிடும்.

சமூகத் தொடர்பு என்னும் பிரமாணம் வாவிக்கரையிலே சிறப்பான பொருளுடையது. வாவியின் நீர் மாசடைதல், கண்டல் மரங்கள் அழிதல், இறால் வளர்ப்பின் நன்மை தீமைகள், வெள்ளத்தாலும் வறட்சியாலும் மாறிமாறி வருந்தும் நெற்செய்கை ஆகியன பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே கிடக்கும் ஆராய்ச்சிப் பொருள்கள். அவற்றைப்பற்றி எத்தனை கட்டுரைகள் வெளிவந்தன என்று கேட்பது ஒரு வினா. அக்கட்டுரையின் முடிபு மீனவரின் தோணிக்கும் உழவரின் வரம்புக்கும் சென்று சேர்ந்ததா என்று கேட்பது அதனினும் கடினமான வினா. சுயமதிப்பீட்டு அறிக்கை இரண்டுக்கும் விடையளித்தல் வேண்டும்.

அறிக்கை நிறைவெய்தியதும் அது மீளாய்வுக் குழுவினரிடம் செல்கின்றது. இக்குழுவினர் பிற பல்கலைக்கழகங்களின் மூத்த கல்விமான்கள். இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் முதலில் தத்தம் இடத்திலிருந்தே அறிக்கையைப் படித்து, தனித்தனியே புள்ளியிடுவர். பின்னர் வளாகத்துக்கு வந்து சில நாட்கள் தங்குவர். துணைவேந்தரையும் பேரவை உறுப்பினரையும் சந்திப்பதோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை. மாணவர், பழைய மாணவர், எழுதுவினைஞர், ஆய்வுகூட உதவியாளர் ஆகியோரோடும் தனித்துப் பேசுவர். விரிவுரை மண்டபத்திலே பின்வரிசையில் அமர்ந்திருப்பர். விடுதியையும் உணவுச்சாலையையும் பார்ப்பர். அறிக்கை சொல்வதும் கண்ணுக்குத் தோன்றுவதும் ஒன்றா என்பதே அவர்கள் தேடும் பொருள். இறுதிநாளிலே தாம் கண்டவற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்துவிட்டு, பின்னர் அறிக்கை எழுதுவர். உண்மைப் பிழை இருப்பின் அதனைச் சுட்டிக்காட்டப் பல்கலைக்கழகத்துக்கு வாய்ப்புண்டு.

இவ்வருகையை எண்ணியே பொய்யான ஆயத்தமும் தலைகாட்டுகின்றது. சுவருக்கு அவசரமாகச் சுண்ணாம்பு பூசப்படும். கூடாத கூட்டத்துக்குக் குறிப்பு எழுதப்படும். சொல்ல வேண்டிய விடைகள் மாணவருக்கு முன்கூட்டியே கற்பிக்கப்படும். விரிவுரையாளர்கள் கற்பித்தலைக் கைவிட்டுக் கோப்புகளின் பின்னே அலைவர். எந்நாட்டு மீளாய்வு முறையிலும் இந்நோய் உண்டு. பரீட்சைக்கு முதல்நாள் இரவு விழித்திருந்து மனனம் செய்யும் மாணவனை இடித்துரைக்கும் ஆசிரியர், தாமே அவ்வாறு செய்தல் எங்ஙனம் பொருந்தும்? மேலும், பொய்ச்சான்று ஏமாற்றுவது வந்து பார்ப்பவரை மட்டுமன்று. அடுத்த ஆண்டு அதே மண்டபத்திலே அமரப்போகும் மாணவரையே அது முதலில் ஏமாற்றுகின்றது. மறைக்கப்பட்ட குறையைத் திருத்துமாறு எவரும் கேட்கப்போவதில்லை. அதற்கெனப் பணமும் வரப்போவதில்லை. இன்ன இடத்தில் எங்களிடம் குறையுண்டு, அதனைத் திருத்த இன்னது செய்யத் தொடங்கியுள்ளோம் என்று எழுதிய அறிக்கைக்கு அனுபவமுள்ள மீளாய்வாளரிடம் மதிப்பு மிகும்.

கிழக்கின் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஓர் ஐயம் நியாயமாகவே எழும். இடர்கள் பலவற்றைக் கடந்துவந்த நிறுவனத்தை அமைதியான ஊர்களிலே வளர்ந்த நிறுவனங்களோடு ஒரே கோலால் அளத்தல் தகுமா? 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது வந்தாறுமூலை வளாகம் அகதிகளின் புகலிடமாயிற்று. ஆயிரக்கணக்கான மக்கள் விரிவுரை மண்டபங்களிலே தங்கினர். அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆம் நாள் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடிக் கரையை அழித்தது. துணைவேந்தராயிருந்த பேராசிரியர் ரவீந்திரநாத் 2006 டிசெம்பர் 15 ஆம் நாள் கொழும்பிலே காணாமற் போனார். இத்தகைய ஆண்டுகளில் கூட்டக் குறிப்புகளும் மாணவர் படிவங்களும் ஒழுங்காகப் பேணப்பட்டனவா என்று கேட்பதற்கே நா எழாது.

எனினும், அளவுகோலைத் தளர்த்துதல் இதற்கு மருந்தாகாது. இந்நிறுவனத்தின் பட்டத்தோடு தொழில் தேடிச் செல்பவரை நோக்கி, உமது பட்டம் இரக்கத்தால் வழங்கப்பட்டதோ என்று எவரும் கேட்கும் நிலை வரலாகாது. வருந்திய மக்களின் பிள்ளைகளுக்கு உரியது முழுமையான தரம். கோல் ஒன்றாயிருக்கட்டும்; அளந்தபின் கண்ட குறையை நீக்குவதற்கான துணை குறைக்கேற்ப மிகட்டும். இதுவே நியாயமான முறை. ஆய்வுகூடம் இல்லாத காரணத்தாற் புள்ளி குறைந்த நிறுவனத்துக்கு அப்புள்ளியே ஆய்வுகூடம் கேட்கும் விண்ணப்பமாதல் வேண்டும். மீளாய்வு அறிக்கை பரிந்துரைத்தவற்றை ஆளுவோர் செவிமடுத்து நிதி ஒதுக்காவிடின், ஆயத்தத்தின் உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகும்.

அளவுகோலுக்கும் எல்லை உண்டு. ஓர் ஆசிரியரின் ஒரு சொல்லால் மாணவரொருவரின் அறிவு விழித்தெழும் கணத்தை எந்தச் சான்று இலக்கமும் காட்டாது. வெவ்வேறு மொழி பேசும் மாணவர் ஒரே விடுதியிலே வாழ்ந்து ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் பயனையும் அது முழுமையாகக் கணித்துவிடாது. ஆனால், விரிவுரை நேரத்துக்கு நடந்ததா, வினாத்தாள் நேர்மையானதா, பெறுபேறு காலத்தில் வந்ததா, முறைப்பாட்டுக்கு விடை கிடைத்ததா என்பவற்றை அது காட்டும். இவை சிறியன போலத் தோன்றலாம். இச்சிறியவை தவறிய இடத்திலே பெரியவை நிலைத்து நிற்பதில்லை.

மீளாய்வுக் குழு வந்து போன மறுநாளே ஆயத்தத்தின் மெய்யான பயன் தெரியவரும். கோப்புகள் அலுமாரியிற் பூட்டப்பட்டு, அடுத்த மீளாய்வு வரை தூங்குமாயின், நடந்தது ஒரு நாடகமே. அவ்வாறன்றி, மண்ணியற் பாடத்தின் திட்டத்தில் வயலுக்குச் செல்லும் நாள் ஒன்று சேர்க்கப்பட்டு, நூலகத்தின் விளக்கு இன்னும் இரண்டு மணிநேரம் எரிந்து, பெறுபேறு குறித்த நாளில் அறிவித்தற் பலகைக்கு வருமாயின், அப்பல்கலைக்கழகம் தன் பரீட்சையிலே தேறிவிட்டது எனலாம். படுவான்கரையிலிருந்து அதிகாலையிற் புறப்பட்டு, வாவியைக் கடந்து வந்தாறுமூலைக்குச் செல்லும் மாணவிக்குப் பல்கலைக்கழகம் பெற்ற தரத்தின் எழுத்து இன்னதென்று தெரியாதிருக்கலாம். அந்நாளைய விரிவுரை அவருக்குப் பயனுள்ளதாயிருந்ததா என்பது அவருக்கு நன்கு தெரியும்.